ஓராண்டின் எழுத்தை எப்போது எண்ணுவது? தமிழில் ஆண்டுப் பட்டியலும் அதன் சான்றுமதிப்பும்

1. கேள்வி

டிசம்பர் பாதி கடந்ததும் இதழ்களிலிருந்து எழுத்தாளர்களுக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டு படித்ததில் பிடித்தது எது, ஐந்து நூல்கள் சொல்லுங்கள், இரண்டு நாளில் வேண்டும் என்பார்கள். பார்த்த படம், கேட்ட பாட்டு, விடிய விடியப் பார்த்த வலைத்தொடர் என்று ரசனைக் கணக்கு முழுவதையும் கூடவே கேட்பதும் உண்டு. ஏறத்தாழ அதே வாரங்களில் சாகித்திய அகாதெமியின் அறிவிப்பு வரும். கோவையில் விஷ்ணுபுரம் விருது விழா நடக்கும். பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி திறக்கும். தமிழ் இலக்கிய உலகம் தன் ஆண்டைக் கணக்கு முடிப்பது இந்த ஐந்தாறு வாரங்களில்தான்.

நானும் பட்டியல் கொடுத்தவன்தான். ஒருமுறை பாதி மட்டுமே படித்திருந்த நாவல் ஒன்றைச் சேர்த்தேன். எழுதியவர் நண்பர். மார்ச்சில் மீதியைப் படித்து முடித்தபோது அதைச் சேர்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அச்சேறியதை என்ன செய்வது?

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. ஓர் ஆண்டின் படைப்பிலக்கியம் பற்றி அந்த ஆண்டு முடியும்போதே போடப்படும் பட்டியல் எதற்குச் சான்று? 'படித்ததில் பிடித்தது' என்ற தொடருக்குள் இரண்டு வேறு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. இந்த ஆண்டு வெளிவந்தவை ஒன்று, இந்த ஆண்டு நான் படித்தவை மற்றொன்று. முன்னது ஆண்டைப் பற்றிய கூற்று, பின்னது படித்தவரைப் பற்றியது. நம் பட்டியல்கள் இரண்டையும் ஒரே இலையில் பரிமாறிவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் பட்டியல் விமர்சனத்தின் மீது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் குற்றச்சாட்டுகளில் சில தாமாகவே விலகும், சில இன்னும் கடுமையாகும் என்பது என் எண்ணம்.

2. எண்ணிக்கை தொடங்கிய இடம்

தமிழ் நூல்களைப் பட்டியலிடும் வேலையை நவீன காலத்தில் முதலில் செய்தவர்கள் ரசிகர்கள் அல்லர். அதுவரை அச்சான தமிழ் நூல்களை வகைபிரித்து ஜான் மர்டாக் வெளியிட்ட அட்டவணை 1865-இல் வந்தது. அவர் கிறித்தவக் கல்விப்பணியில் இருந்தவர். இந்த மக்கள் எதைப் படிக்கிறார்கள் என்று அறிவது அவரது பணிக்குத் தேவையாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1867-இல், அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாகாணமும் காலாண்டுக்கு ஒருமுறை நூல் அட்டவணை வெளியிட வேண்டும் என்று அது விதித்தது. நூலின் பெயர், ஆசிரியர், மொழி, பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், பக்கம், பதிப்பு, படிகள், விலை எனக் கட்டம் கட்டமாக விவரம் கேட்டது. கண்காணிப்புக்காகப் போட்ட கட்டங்கள்தாம். ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எந்த நூல் எத்தனை படி அச்சானது என்று இன்று ஆராய்கிறவர் அந்தக் கட்டங்களைத்தான் தேடிப் போகிறார்.

விடுதலைக்குப் பின் 1954-இல் நூல் வழங்கல் சட்டம் வந்தது. வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு, ஒருமுறைகூடச் செய்யாதவர்களும் உண்டு.

இந்த முன்கதையைச் சொல்லக் காரணம் உண்டு. அரசின் பட்டியலில் ரசனை கிடையாது. ஆனால் யார், எப்போது, எதை, எத்தனை படி என்ற விவரம் இருந்தது. இன்றைய நம் பட்டியலில் ரசனை மட்டும் இருக்கிறது. பதிப்பாண்டைக்கூடக் குறிப்பிடாமல் 'இந்த ஆண்டின் சிறந்த பத்து' என்று தலைப்பிடுகிறோம்.

3. க.நா.சு.வும் அவரை மறுத்தவர்களும்

ரசனையின் பெயரால் பட்டியலிடுவதைத் தமிழில் ஒரு விமர்சன முறையாகவே ஆக்கியவர் க.நா. சுப்ரமண்யம் (1912–1988). 'பொய்த்தேவு' எழுதிய நாவலாசிரியர், 'இலக்கிய வட்டம்' நடத்திய இதழாசிரியர், நட் ஹாம்சனையும் செல்மா லாகர்லெவ்வையும் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். தொடர்கதைகளும் வார இதழ்களும் வாசகப் பரப்பை முழுக்க ஆண்ட காலத்தில், இவை இலக்கியம், இவை அல்ல என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவதையே அவர் விமர்சகரின் முதல் வேலையாகக் கொண்டார். 'படித்திருக்கிறீர்களா?' என்று அவர் நூலுக்குத் தலைப்பிட்டதே ஓர் உத்தி. தீர்ப்புச் சொல்வதற்கு முன் அது வாசகரை மடக்கிக் கேட்கிறது.

எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா, பெயர் சொன்னால் போதாது, படைப்பை வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்ற கட்சி. 1959 முதல் 1970 வரை வெளிவந்த அந்த இதழின் பக்கங்களில் கணிசமானவை அந்த அலசலுக்கே போயின. மறுபுறம் மார்க்சியத் திறனாய்வாளர் க. கைலாசபதி. க.நா.சு. குழுவைப் பற்றி அவர் எழுதிய 'திறனாய்வுப் பிரச்சினைகள்' 1980-இல் நூலாக வந்தது. காரணம் சொல்லாத பட்டியலுக்குப் பின்னால் ஒரு சமூகப் பார்வை மறைந்திருக்கிறது, 'தூய ரசனை' என்பது அதற்கு இட்ட திரை என்பது அவர் தரப்பின் சாரம்.

மூவருக்கும் பொதுவான ஓர் அனுமானம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பட்டியல் ஒரு தீர்ப்பு என்பதே அது. தீர்ப்பு போதும் என்றார் க.நா.சு., அதற்கு விளக்கவுரை வேண்டும் என்றார் செல்லப்பா, தீர்ப்பிட்ட நீதிபதி யார் என்று கேட்டார் கைலாசபதி. இம்மூன்றில் இன்றும் கூர் மழுங்காதது கைலாசபதியின் கேள்வி. அதைத் தீர்ப்பை ரத்து செய்யும் வாதமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீதிபதியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் என்ன? பட்டியல் ஒரு சாட்சியம் ஆகிவிடும். சாட்சிக்கு நடுநிலை தேவையில்லை. எங்கே நின்றிருந்தார், என்ன பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று மட்டும் அவர் சொன்னால் போதும்.

4. 1966: ஒரு சோதனை

ஓர் ஆண்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். நான் 1966-ஐத் தேர்ந்தது அது மகத்தான ஆண்டு என்பதற்காக அல்ல. அந்த ஆண்டில் பல தளங்களில் நடந்தவை பின்னாளில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்பதற்காக.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் முந்தைய ஆண்டுதான் தமிழகத்தை உலுக்கியிருந்தது. ஆட்சி மாற்றம் அடுத்த ஆண்டு வரவிருந்தது. இடையில் அரிசித் தட்டுப்பாடு. 'தீபம்', 'கணையாழி' இரண்டும் 1965-இல் தொடங்கிய இதழ்கள், இன்னும் புது மை வாசம் போகாதவை. 'எழுத்து' எட்டாம் ஆண்டில் இருந்தது. 'தாமரை' தனக்கென ஒரு வாசகர் வட்டத்தோடு வந்துகொண்டிருந்தது.

இந்தச் சூழலில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' நூலாக வந்தது. அதன் தொடக்கப் பகுதிகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே 'சரஸ்வதி'யில் வெளியாகியிருந்தன. அந்த இதழும் நின்றுபோயிருந்தது. அப்படியானால் அது எந்த ஆண்டின் எழுத்து? தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அதே 1966-இல் வந்தது. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை 'ஆனந்த விகடன்' இதழில் வெளியாகி வீட்டுக்கு வீடு சர்ச்சை கிளப்பியதும் அந்த ஆண்டில்தான். மழையில் நின்ற கல்லூரிப் பெண், காரில் வந்தவன், திரும்பி வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொன்ன தாய். அந்தத் தண்ணீரை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் தமிழகம் முழுக்க வாதிட்டார்கள். வேறு முடிவுகளோடு கதையைத் திருப்பி எழுதியவர்களும் இருந்தார்கள்.

ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' முதல் இதழ் வந்தது. தம் சலூனையே அலுவலகமாகவும் கொண்டு ஜீவா தொடங்கிய அந்தச் சிறு இதழ் நானூறு இதழ்களைத் தாண்டி ஈழத்து முற்போக்கு எழுத்தின் முதன்மை மேடைகளில் ஒன்றாக நிலைத்தது. சென்னையில் அமர்ந்து அந்த டிசம்பரில் பட்டியல் போடுகிறவரின் மேசையில் அது இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இப்போது அந்த ஆண்டின் டிசம்பரில் ஒரு வாசகரை நிறுத்துவோம். வார இதழ் வாசகர் எனில் அவர் தயங்காமல் 'அக்னிப் பிரவேசம்' என்பார். சிற்றிதழ் வாசகர் 'புளியமரம்' என்றிருக்கலாம். 'அம்மா வந்தாள்' பெயரைச் சொல்ல இருவருமே சற்றுக் கூசியிருப்பார்கள். தாயின் பிறழ்வைக் கதையாக்கிய நூலை 'பிடித்தது' என்று அச்சில் ஒப்புக்கொள்ள அன்று துணிவு வேண்டும். படித்ததும் பிடித்ததும் வெளியே சொன்னதும் மூன்று வேறு வட்டங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

விருது என்ன செய்தது? 1966-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ம.பொ. சிவஞானத்தின் 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்குக் கிடைத்தது. இதைச் சுட்டி 'பார்த்தீர்களா' என்பது எளிது, ஆனால் அது நியாயமாகாது. அகாதெமி விருது அந்தந்த ஆண்டு நூலுக்கானதல்ல. முந்தைய குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் முதன்முதலில் வெளியான நூல்களே கணக்கில் வரும். ஆகவே 1966-இன் நாவல்களுக்கு வாய்ப்பிருந்தது அடுத்து வந்த ஆண்டுகளில்தான். அவற்றைப் பார்ப்போம். 1967-இல் கி.வா. ஜகந்நாதனின் 'வீரர் உலகம்'. 1968-இல் அ. சீனிவாசராகவனின் 'வெள்ளைப் பறவை'. 1969-இல் பாரதிதாசனின் 'பிசிராந்தையார்', அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின். 1970-இல் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு', அதே ஆண்டு அவர் மறைந்துவிட்டார். 1971-இல் நா. பார்த்தசாரதியின் 'சமுதாய வீதி'. 'அன்பளிப்பு' தகுதியான தேர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் 'புளியமரத்தின் கதை', 'அம்மா வந்தாள்' இரண்டும் அந்தச் சாளரம் வழியே தெரியாமலே கடந்து போயின.

சாளரம் மூடிய பின் நடந்தது இன்னும் சுவாரசியமானது. ஜானகிராமனுக்கு 1979-இல் விருது வந்தது, 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்காக. 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தா'ளும் வயதாகிப்போனதால் அவற்றுக்குத் தர விதி இடம் கொடுக்காது. அசோகமித்திரனுக்கு 1996-இல் 'அப்பாவின் சிநேகிதர்'. அவரது பெயரை நிலைநாட்டிய 'தண்ணீர்', 'பதினெட்டாவது அட்சக்கோடு' ஆகியவை எழுபதுகளின் நாவல்கள். ஆளுக்குக் கொடுக்க நினைத்து, விதிக்காகக் கையில் கிடைத்த நூலின் பெயரை எழுதும் வழக்கம் இது. நூலகத்தில் விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தாளரைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு இது செய்யும் தீங்கு சிறியதல்ல. சுந்தர ராமசாமிக்கு அகாதெமி விருது கடைசி வரை கிடைக்கவேயில்லை.

சர்ச்சைக் கதைக்கு மட்டும் தொடர்ச்சி அமைந்தது. கதையின் தாய் தண்ணீர் ஊற்றி மறைத்ததை, மறைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே நாவலாக விரித்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-இல் அகாதெமி விருது பெற்றது, 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமானது, நடிகை லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. 1966-இல் 'பிடித்தது' என்று ஒருவர் குறித்திருக்கக்கூடிய ஒரு சிறுகதை, பதினோரு ஆண்டுகள் கழித்துத் திரையரங்கில் முடிகிறது. அந்தக் கதையின் ஆண்டு எது என்று எப்படி வரம்பு கட்டுவது?

5. ஒரு மறுப்பு

இதுவரை சொன்னதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 'அம்மா வந்தாள் பெரிய நாவல் என்பது இன்றைய தீர்ப்பு. இன்றைய ரசனையை அன்றைய வாசகர் மீது சுமத்தி, அவர்கள் தவறவிட்டார்கள் என்கிறாய். காலம் தீர்ப்புச் சொல்லும் என்ற பழைய நம்பிக்கையைத்தானே வேறு சொல்லில் சொல்கிறாய்?'

மறுப்பின் முதல் பகுதியை ஏற்கிறேன். இரண்டாவது பகுதி தவறு, ஏனெனில் காலம் தானாக எதையும் சொல்வதில்லை. பதிப்பகம், மறுபதிப்பு, பாடத்திட்டம், மொழிபெயர்ப்பு, சினிமா, வழக்கு, நண்பர் குழாம் ஆகியவற்றின் வாயால்தான் அது பேசுகிறது. சுந்தர ராமசாமி தொடங்கிய 'காலச்சுவடு' இதழ் பின்னர் பதிப்பகமாக வளர்ந்தது. அவரது நூல்கள் கடையில் இல்லாமல் போகும் நிலை அதனால் வரவில்லை. ப. சிங்காரத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை. மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றியபடி தனியறையில் வாழ்ந்தவர் அவர். 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து 1972-இல்தான் அச்சேறியது. இரண்டே நாவல்கள் எழுதினார். 1997-இல் மறைந்தார். பின்னாளில் 'தமிழினி' பதிப்பு வந்த பிறகே அடுத்த தலைமுறை பரவலாகப் படித்தது. இன்று தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் பத்து எண்ணினாலும் அதில் சிங்காரம் இருக்கிறார். இந்த நாவலை 1962-இன் கணக்கில் எழுதுவதா, 1972-இன் கணக்கிலா, மறுபதிப்பு வந்த ஆண்டிலா?

அண்மைக் காலத்தில் இந்த நழுவல் இன்னும் கூடியிருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். எதிர்ப்பு 2014 டிசம்பரில் வெடித்தது, சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2016 ஜூலையில் வந்தது. பலர் அந்த நாவலைத் தேடியது இந்த எதிர்ப்புக்குப் பிறகுதான். அவரது 'ஆளண்டாப் பட்சி' 2012 நாவல். ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் பெயர்க்க, 2023-இல் ஜேசிபி பரிசு பெற்றது. அந்த ஆண்டின் இந்தியப் புனைவுகளில் தலையாயது என்று அறிவிக்கப்பட்டது தமிழ் வாசகர் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே மூடி வைத்த புத்தகம். பூமணியின் 'வெக்கை' 1982-இல் வெளிவந்தது. 2019-இல் அதைத் தழுவிய 'அசுரன்' படம் வந்ததும் புதிய அட்டையோடு புத்தகக் காட்சியில் அடுக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் மக்கள் விருப்பம் எது என்று புத்தகக் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே 'பொன்னியின் செல்வன்' என்பார். அது படமாக வந்த ஆண்டு அது. கல்கி அந்த நாவலைத் தொடராக எழுதியதோ 1950 முதல் 1954 வரை. நாட்டுடைமை ஆன நூல் என்பதால் பதிப்பாளர்கள் பலரும் அச்சிட்டுக் குவித்திருந்தார்கள்.

ஆகவே 'வந்தவை' கணக்கு அந்த ஆண்டின் இறுதியில் செய்யக்கூடியதே அல்ல என்று முடிவு கட்டுகிறேன். 'படித்தவை' கணக்கை மட்டுமே டிசம்பரில் நேர்மையாகக் கொடுக்க முடியும். 'பொன்னியின் செல்வன்' ஒருவருடைய 2022 பட்டியலில் இடம்பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஆண்டைப் பற்றிய மிகச் சரியான சாட்சியமே அதுதான்.

6. பொங்கலுக்கு முந்தைய புத்தகம்

இன்னொரு சிக்கல், நாட்காட்டி சார்ந்தது. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் ஓர் அண்ணா சாலைப் பள்ளி வளாகத்தில் இருபத்துச் சொச்சம் கடைகளோடு தொடங்கியது. இன்று தமிழ்ப் பதிப்புலகின் விவசாயப் பருவமே அதுதான். விதைப்பும் அறுப்பும் தைக்குக் கணக்கு வைத்து நடக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடும். மெய்ப்புத் திருத்துபவர் தூங்க மாட்டார். எழுத்தாளர் பலரின் ஓராண்டு எழுத்து டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே நாளில் வெளியீட்டு விழா காணும். நூலின் உள்பக்கத்தில் 'முதல் பதிப்பு: டிசம்பர்' என்று அச்சாகும்.

அந்த நூல்களை டிசம்பர் பட்டியல் பார்த்திருக்க முடியாது. அடுத்த டிசம்பருக்கு அவை 'போன வருடப் புத்தகம்'. தமிழில் நூல்கள் அதிகம் வரும் பருவமே ஆண்டுக் கணக்கில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விழுகிறது. நாவலாசிரியராவது அடுத்த நாவலில் பிழைத்துக்கொள்வார். முதல் கவிதைத் தொகுப்பு போட்ட இளைஞரின் கதி மோசம். முந்நூறு படி அச்சிட்டு, நண்பர்களுக்கு நூறு கொடுத்து, மீதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவரின் பெயர் எந்த ஆண்டிலும் ஏறாது.

'இலக்கியச் சிந்தனை' அமைப்பு 1970 முதல் பின்பற்றிய முறையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்து, பன்னிரண்டு மாதக் கதைகளிலிருந்து ஆண்டின் கதையை எடுத்தார்கள். அந்தத் தேர்வுகளோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை. நடுவழி ரசனைக்கே அவை பெரிதும் சாய்ந்தன. முறை மட்டும் சரியானது. மாதக் கெடு இருந்ததால் படிக்காமல் தேர்ந்தெடுக்க முடியவில்லை. தேர்ந்த கதையும் நூலாகக் கையில் இருந்தது. அந்தத் தொகுதிகளைத் திறந்தால் எழுபதுகளின் இதழ்களில் எப்படிப்பட்ட கதை 'நல்ல கதை' எனப்பட்டது என்று இன்றும் காட்ட முடியும். தீர்ப்பாக அவை காலாவதியாகியிருக்கலாம். சாட்சியமாக நிற்கின்றன.

7. பட்டியலிடுவோருக்கு

வரும் டிசம்பரில் அழைப்பு வரும்போது ஐந்து பெயர்களைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதில் பாதியையாவது எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, விலை கொடுத்து வாங்கியதா, நூலகத்தில் எடுத்ததா, எழுதியவரே கையெழுத்திட்டுக் கொடுத்ததா, முழுக்கப் படித்ததா. எழுதியவர் நண்பர் என்றால் அதையும் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டு பழைய நாவலை இப்போதுதான் படித்தீர்கள் என்றால் அதையே முதலில் வையுங்கள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த ஒரு நூல்கூட உங்கள் கைக்கு எட்டவில்லை என்றால் அதையும் ஒரு வரியாகக் குறியுங்கள். கடைசியாக, வாங்கி அடுக்கி வைத்தும் இந்த ஆண்டு படிக்காத நூல்களின் பெயர்களை எழுதுங்கள். என் அலமாரியில் அப்படி ஒன்பது இருக்கின்றன.